ஒரு ஜாடி மார்த்தினிக்

மார்த்தினிக் தீவின் வீடுகளில் புழங்கும் ரம்முக்கு நிறம் கிடையாது. நம்மூரில் ரம் என்றாலே கருஞ்சிவப்பு. கடையில் கேட்கிறவரும் எடுத்துக் கொடுக்கிறவரும் அதற்குமேல் பேசிக்கொள்வதில்லை. அங்கே சமையலறை அலமாரியில் எண்ணெய்க்கும் வினிகருக்கும் பக்கத்தில் நிற்பது தெளிந்த வெள்ளை ரம். வீரியம் 50 சதவீதம், சிலது 55. மூடியைத் திறந்ததும் கரும்பாலை வாசலில் நிற்கிற வாசனை வரும்: பச்சைக் கரும்பு, ஈரச் சக்கை, கொஞ்சம் புல். மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து பொன்னிறம் ஏறிய ரம்மும் உண்டு. அது விலை கூடிய சமாச்சாரம். சாப்பாடு முடிந்தபின் சின்னக் கோப்பையில் ஊற்றி, பேச்சுக்கு நடுவே உறிஞ்சுவது. சுற்றுலா விளம்பரங்களில் கோப்பைக்குள் தெரிகிற ஆரஞ்சும் சிவப்பும் மஞ்சளும் ரம் தந்தவை அல்ல, பழங்கள் தந்தவை.

பாரிசிலிருந்து விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தால் வருகிற இந்தக் கரீபியன் தீவு, 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலவாவது யூரோ, ஓடுவது பிரெஞ்சு எண் தகடு போட்ட கார், காலையில் கடையில் கிடைப்பது நீள ரொட்டி. புதுச்சேரிக்காரனான எனக்கு ஊர் பழகக் கஷ்டப்படவில்லை. குடிக்கிற விஷயத்தில் மட்டும் அங்கே தனிச் சட்டம். மதியச் சாப்பாட்டுக்கு முன் ‘தி-பஞ்ச்’. எலுமிச்சையை நடுவில் வெட்டாமல் பக்கவாட்டில், விதை வராதபடி ஒரு வில்லை சீவி, கோப்பைக்குள் பிழிந்து அதையும் உள்ளே போடுவார்கள். கரும்புப் பாகு ஒரு கரண்டி. மேலே ரம். ஐஸ் கிடையாது. வீட்டுக்காரர் ஊற்றித் தரமாட்டார். பாட்டிலை விருந்தாளி முன்னால் வைத்துவிடுவார். அவரவர் சாவை அவரவரே கலக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அளவு உன் பொறுப்பு, மறுநாள் தலைவலியும் உன் பொறுப்பு.

தி-பஞ்ச் தனி ஆளுக்கானது. இன்னொரு பானம் வீட்டுக்கானது. அதன் பெயர் ‘பிளான்த்தர்’. ஞானஸ்நானம், கல்யாணம், கிறிஸ்துமஸ், ஞாயிற்றுக்கிழமை உறவினர் வருகை எதுவானாலும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறைய இது கலந்து வைக்கப்படும். கொய்யா, அன்னாசி, ஆரஞ்சு, பேஷன் ஃப்ரூட், எலுமிச்சை, ஜாதிக்காய், பட்டை, வனிலா, வெள்ளை ரம். தோட்ட முதலாளியின் பெயரைச் சுமக்கிற இந்தப் பானத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சிறப்பாகக் கலக்குகிறார்கள் என்பது என் கருத்து. அதைப் பார்க்கத்தான் தீவின் வடக்குக்குப் போனேன்.

போகிற வழியில் தலைநகர் ஃபோர்-தெ-ஃபிரான்சின் பெரிய சந்தை. இரும்புத் தூண்களும் இரும்புக் கூரையுமாக 1901இல் ஆன்ரி பிக் என்ற கட்டடக்கலைஞர் அமைத்தது. ஊரின் புகழ்பெற்ற ஷோல்செர் நூலகமும் அவர் கைவண்ணம்தான். சொகுசுக் கப்பல் வந்த நாளில் சந்தைக்குள் நடக்க இடமிருக்காது. கட்டம் போட்ட மதராஸ் துணியில் தலைக்கட்டும் பாவாடையும் அணிந்த பெண்கள், காகிதக் கோப்பையில் பிளான்த்தர் நீட்டுவார்கள். அந்தத் துணி ஒரு காலத்தில் நம் கடற்கரையிலிருந்து கப்பலேறியது. இன்று அது தீவின் தேசிய உடை. கோப்பையில் இருந்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டப்பாச் சாறு, சிவப்புச் சாயம் போட்ட சிரப், நாக்கைச் சுடுகிற அளவுக்கு ரம். சர்க்கரை எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ஆனால் சந்தையின் பின்வரிசைக்குப் போக வேண்டும். அங்கே ஊர்க்காரர்கள் வாங்குகிறார்கள். பழுத்தும் தோல் பச்சையாகவே இருக்கும் ஆரஞ்சு (இரவுக் குளிர் இல்லாத ஊரில் ஆரஞ்சின் தோல் நிறம் மாறாது), உள்ளே இளஞ்சிவப்பான கொய்யா, சுருங்கிப்போன தோலோடு பேஷன் ஃப்ரூட். சுருங்கியதைத்தான் பொறுக்கி எடுக்க வேண்டும்; வழவழப்பாக இருப்பது இன்னும் பழுக்கவில்லை. கிழங்குக் கடையில் நின்றால் “எந்த ஊர் மண்?” என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை தெளித்த குளோர்தெக்கோன் என்ற பூச்சிக்கொல்லி இன்னும் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை. கிழங்கில் அது ஏறும். மரத்தில் தொங்கும் பழத்தில் ஏறுவது அரிது. பழக்கடைக்காரம்மா அதனால்தானோ என்னவோ நிம்மதியாக விசிறிக்கொண்டிருந்தார்.

அவரிடம் வாங்கியதில் ஒரு குச்சியும் உண்டு. ‘புவா லெலே’ என்கிறார்கள். மரக்கிளையின் நுனியில் ஒரே கணுவிலிருந்து நாலைந்து சிறு கிளைகள் நட்சத்திரமாகப் பிரியும். அவற்றை ஓர் அங்குலம் விட்டு வெட்டிப் பட்டையை உரித்தால் குச்சி தயார். கோப்பைக்குள் விட்டு இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். மோர் கடைகிற மத்தேதான், அளவு மட்டும் சிறிசு. கடைந்து காட்டியபோது பாகும் ரம்மும் ஒரு நொடியில் ஒன்றாகிவிட்டன. கரண்டியால் கலக்கினால் பாகு அடியிலேயே தங்கும்.

அட்லாண்டிக் கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே போகிற சாலையில் முதலில் லா திரினித்தே வருகிறது. அங்கேயுள்ள லெ கலியோன்தான் தீவில் மிஞ்சியிருக்கும் ஒரே சர்க்கரை ஆலை. ஒரு காலத்தில் தீவு முழுக்கச் சர்க்கரைதான். பிறகு ஐரோப்பாவில் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கத் தொடங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகச் சர்க்கரையில் பாதிக்குமேல் பீட்ரூட் சர்க்கரை. விலை விழுந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, கரும்பு மட்டும் வயலில் நின்றது. சர்க்கரை காய்ச்சி மிஞ்சும் மொலாசஸைக் கொண்டுதான் அதுவரை பெரும்பாலும் ரம் வடித்தார்கள். சர்க்கரையே விலைபோகாதபோது எதற்குக் காய்ச்ச வேண்டும், சாற்றையே நேராகப் புளிக்கவைத்து வடிப்போம் என்று பலர் இறங்கினார்கள். 1887இல் லெ ஃபிரான்சுவா என்ற ஊரில் ஒரு தோட்டத்தை வாங்கிய ஓமேர் கிளெமான் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். மார்த்தினிக் ரம்மின் பச்சைக் கரும்பு வாசனை, நஷ்டத்திலிருந்து பிறந்தது. இன்று அதற்குப் பிரெஞ்சு ஒயின்களுக்கு இணையான பாதுகாப்பு: 1996 முதல் எந்த நிலத்தில், எந்த ரகக் கரும்பு, எப்படி வடிக்க வேண்டும் என்பதெல்லாம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

செந்த்-மரி ஊரைத் தாண்டும்போது லபா பாதிரியாரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1694இல் தீவுக்கு வந்த டொமினிக்கன் துறவி. மடத்துக் கரும்புத் தோட்டத்தை நிர்வகித்து, காய்ச்சி வடிக்கும் முறையைச் சீராக்கியவர் என்று ரம் உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அந்தத் தோட்டம் அடிமைகளின் உழைப்பில் ஓடியது என்பதை அருங்காட்சியகப் பலகைகள் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கின்றன. 

மக்கூபாவில் ஜே.எம். வடிசாலை ஒரு பள்ளத்தாக்கின் அடியில், சிவப்புக் கூரைகளோடு இருக்கிறது. நான் போனது கரும்பு வெட்டும் காலம். லாரியிலிருந்து கொட்டிய கரும்பு துண்டாகி, நசுங்கி, உருளைக்கு உருளை மாறி மாறிப் பிழியப்படுகிறது. சக்கை பறந்து சட்டைக் காலருக்குள் விழுகிறது. அந்தச் சக்கையே கொதிகலனுக்கு எரிபொருள். அது தருகிற நீராவியில் ஆலை ஓடுகிறது. சாறு தொட்டிகளில் இரண்டு மூன்று நாள் நுரைத்துப் புளிக்கும். அருகில் நின்றால் புளித்த ஆப்பமாவும் பழுத்த வாழையும் கலந்த வாடை. பிறகு செம்புக் கோபுரம். கீழிருந்து நீராவி ஏற, மேலிருந்து புளித்த சாறு இறங்க, இரண்டும் தட்டுத் தட்டாகச் சந்தித்து, சாராயம் மேலே போய்க் குளிர்ந்து 70 சதவீத அளவில் சொட்டும். அதைச் சில வாரம் ஓய்வில் விட்டு, தண்ணீர் சேர்த்துச் சேர்த்து 50க்கு இறக்குவார்கள். வெட்டிய கரும்பைப் போட்டுவைக்க முடியாது. சீக்கிரமே புளித்துக் கெட்டுவிடும். ஆகவே வயலும் வடிசாலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மொலாசஸுக்கு அந்த அவசரமில்லை. பீப்பாயில் அடைத்து எந்த ஊருக்கும் அனுப்பலாம். இரண்டு ரம்மின் குணமும் இந்த இடத்திலேயே பிரிந்துவிடுகிறது.

கரும்பு வெட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். 1848 மே மாதம் மார்த்தினிக்கில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்களில் பலர் பழைய முதலாளியின் வயலுக்குத் திரும்ப மறுத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1853 மே 6ஆம் தேதி, ‘ஒரேலி’ என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் பேரோடு வந்து நின்றது. ஒப்பந்தக் கூலிகள். புறப்பட்ட இடம் புதுச்சேரி. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து இப்படிப் போனார்கள், பெரும்பாலும் தமிழர். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் இலவசத் திரும்புபயணம் என்று காகிதத்தில் இருந்தது. திரும்பியவர்கள் உண்டு, நோயில் செத்தவர்கள் நிறைய உண்டு, மிஞ்சியவர்கள் வடக்குத் தோட்டங்களில் தங்கினார்கள். நான் தினமும் நடக்கப் போகிற கடற்கரைச் சாலையிலிருந்து கிளம்பிய கப்பல்கள். அங்கே அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பாஸ்-புவேந்த் ஊரில் ஒரு பழைய தோட்டத்தை ஒட்டிச் சின்னக் கோயில் இருக்கிறது. மாரியம்மனும் மதுரைவீரனும். வீரன் பெயர் ‘மல்தெவிலேன்’ ஆகியிருக்கிறது. குதிரை அப்படியே இருக்கிறது. பூசை நாளில் தப்பு அடித்து, ஆடு வெட்டி, பூசாரி கத்தியின் கூர்மேல் ஏறி நின்று அருள்வாக்கு சொல்வார். நான் போனது பூசையில்லாத நாள். சுவரில் வெயில், வாசலில் அணைந்த கற்பூரக் கரி, அவ்வளவுதான். கவிஞர் எமே செசேர் 1913இல் பிறந்ததும் இதே ஊரில். கறுப்பின மக்களின் தன்மானத்தை உலகுக்குச் சொன்னவர், தப்புச் சத்தம் கேட்கிற தூரத்தில் வளர்ந்திருக்கிறார்.

கோயிலுக்கு வழிகாட்டிய அம்மாவின் வீட்டில்தான் ஜாடியைப் பார்த்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவர் ‘தாத்தி’, நாம் அத்தை என்போமே அப்படி. நானும் அப்படியே கூப்பிட்டேன். பாட்டனாருக்குப் பாட்டனார் காரைக்கால் பக்கம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் பிரெஞ்சைக் கேட்டு, “பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பேசுகிறாய் டூடூ (செல்லமே)” என்று சிரித்தார். மறுநாள் பேத்திக்கு முதல் நன்மை விருந்து. நாற்பது பேர் வருகிறார்கள்.

பிளான்த்தர் என்றால் முதல்நாள் சாயங்காலமே வேலை தொடங்க வேண்டும் என்றார். கொய்யாவைத் துண்டாக்கித் தண்ணீர் விட்டு அரைத்து, துணி வடிகட்டியில் கையால் அழுத்தி வடித்தார். கொய்யா விதை பல்லில் சிக்கினால் விருந்தே கெட்டது என்பது அவர் கட்சி. பேஷன் ஃப்ரூட்டை மிக்ஸியில் போட விடவில்லை. விதை உடைந்தால் கசக்கும். சதையைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டி முதுகால் தேய்த்து, சாற்றை மட்டும் எடுத்தார். அன்னாசித் தோலைத் தூக்கி எறியாமல் தனியே ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டார். அது நாளைக் காலைக்கான குளிர்பானம். ஆரஞ்சைக் கையாலேயே பிழிந்தார். எல்லாச் சாறும் ஜாடியில் சேர்ந்தபோது நிறம் இன்னும் முடிவாகவில்லை. கொய்யாவின் ரோஜா நிறம் ஒரு பக்கம் திரள, பேஷன் ஃப்ரூட்டின் மஞ்சள் அதைத் துரத்திக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நிறுத்தினார். ஒரு பெரிய குடுவையில் இரண்டு லிட்டர் போலச் சாற்றை மொண்டு மூடி, குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்தார். குழந்தைகளுக்கு. “ரம் ஊற்றியபிறகு எடுத்துவைக்கலாம் என்று நினைத்தால் மறந்துவிடும்” என்றார்.

பிறகு புளிப்பு. எலுமிச்சையைப் பிழிந்து ருசி பார்த்து, மறுபடி பிழிந்து, மறுபடி ருசி பார்த்தார். பாகு அதற்கு அப்புறம்தான். ரம்மே இனிப்பென்று ஏமாற்றும், பழமும் இனிப்பு, இதில் பாகை முதலில் ஊற்றிவிட்டால் எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் மீட்க முடியாது என்றார். ஜமைக்காவிலும் பார்படோசிலும் பஞ்சுக்கு ஓர் எண் கணக்கு சொல்வார்கள்: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, சாராயம் மூன்று, தண்ணீரோ சாறோ நான்கு. தாத்தியிடம் இதைச் சொன்னேன். இரண்டு பங்கு இனிப்பா, அது ஆங்கிலேயர்களுக்குச் சரிப்படும் என்று ஒதுக்கிவிட்டார்.

வனிலாக் காயை நீளவாக்கில் கீறி, இரண்டு பட்டைத் துண்டோடு உள்ளே போட்டார். எலுமிச்சைத் தோலின் பச்சையை மட்டும் ஒரே சுருளாகச் சீவித் தொங்கவிட்டார். வெள்ளைப் பகுதி ஒட்டினால் கசப்பு. ஆனால் கசப்பே வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. அதற்கென்று ஒரு சின்ன பாட்டில் வைத்திருந்தார், அங்கோஸ்துரா. 1824இல் வெனிசுவேலாவில் ஒரு ஜெர்மானிய மருத்துவர் வயிற்று மருந்தாக உருவாக்கி, பிறகு டிரினிடாடுக்குக் குடிபெயர்ந்த கசப்புச் சாறு. அதில் பத்துச் சொட்டு. கடைசியாக ரம், அளவுக் கோப்பை இல்லாமல், பாட்டிலின் லேபிளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஊற்றினார். ஜாதிக்காய் மட்டும் மறுநாள் பரிமாறும்போது துருவுவது. முன்கூட்டித் துருவினால் வாசனை ஓடிவிடும், பொடி அடியில் கறுத்துப் படியும்.

இரவு முழுக்க ஜாடி குளிரில் இருந்தது. இதில்தான் விஷயமே இருக்கிறது. வனிலாவும் பட்டையும் தங்கள் வாசனையைத் தண்ணீருக்குத் தருவதைவிடச் சாராயத்துக்கு எளிதாகத் தருகின்றன. அதற்கு நேரம் வேண்டும். ரம்மின் முரட்டுத்தனமும் கொய்யாவின் கூழில் அடங்க நேரம் வேண்டும். கலந்த உடனே குடித்தால் பழச்சாறு தனி, சாராயம் தனி என்று நாக்கு பிரித்துச் சொல்லிவிடும். மறுநாள் மதியம் ஜாடியைத் திறந்தபோது மஞ்சளும் ரோஜாவும் போய், செங்கல்லுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரே நிறம் நின்றது. வாயில் முதலில் புளிப்பு, பிறகு கொய்யா, எல்லாம் இறங்கியபின் மெல்லக் கரும்பு.

கல்லூரியில் படிக்கிற பெரிய பேத்திக்கு அந்த ஒற்றை நிறம் போதவில்லை. உயரமான கிளாசின் அடியில் மாதுளைச் சிரப் ஊற்றி, அதன்மேல் ஐஸ், ஐஸின்மேல் மெதுவாகப் பிளான்த்தர், கடைசியில் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் வழியவிட்டுப் பொன்னிற ரம் என்று மூன்று அடுக்கு செய்து படம் எடுத்தாள். அடுக்கு நிற்பதில் மாயமில்லை. சர்க்கரை நிறைந்தது கனம், அடியில் தங்கும். சாராயம் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தாத்தி மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்து, “குடிக்கும்போது கலக்கத்தானே போகிறாய்?” என்றார்.

விருந்தில் உப்புக்கண்ட மீன் போட்ட ‘அக்ரா’ வடையும், ‘கொலம்போ’ என்ற ஆட்டுக்கறிக் குழம்பும். கொலம்போப் பொடியில் மல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு, சீரகம். மூடியைத் திறந்தபோது என் வீட்டு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது; ருசித்தபோது வேறு ஊர். காரம் குறைவு, எலுமிச்சை தூக்கல். அந்தக் குழம்புக்குப் பிளான்த்தரின் புளிப்பு பொருந்தியது போல பீர் பொருந்தியிருக்காது.

திரும்பும் வழியில் சேன்-பியேர். 1902 மே 8ஆம் தேதி காலை பெலே எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் ஏறத்தாழ 28 ஆயிரம் பேரைக் கொன்ற ஊர். அதுவரை அதுதான் தீவின் ரம் தலைநகர். தெபாஸ் குடும்பத்தில் பிரான்சில் படித்துக்கொண்டிருந்த விக்தோர் என்ற இளைஞர் மட்டும் தப்பினார். திரும்பிவந்து அதே மலையடியில் 1917இல் வடிசாலையை மறுபடி எழுப்பினார். எரிமலைச் சாம்பல் மண்ணில் கரும்பு நன்றாகவே வருகிறது. அன்று இடிந்த நாடக அரங்கின் படிக்கட்டு இன்னும் நிற்கிறது, அதன்மேல் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறார்கள்.

அங்கே கடற்கரை விடுதி ஒன்றில் எனக்கு நீல நிறப் பானம் ஒன்று தந்தார்கள், காகிதக் குடை குத்தி. அந்தக் குடை கரீபியன் சரக்கே அல்ல. வெப்பமண்டல ரம் காக்டெயில் என்று உலகம் இன்று நினைக்கிற தோற்றம் கலிஃபோர்னியாவில் உருவானது. 1930களில் ஹாலிவுட்டில் டான் பீச் என்பவர் மூங்கிலும் மரச்சிலைகளுமாக ஒரு மதுக்கூடம் திறந்தார். அவரைப் பார்த்து ஓக்லண்டில் ‘ட்ரேடர் விக்’ 1944இல் மைதாய் கலந்தார். பசிபிக் தீவுகளின் பெயர், கரீபியன் தீவுகளின் ரம், அமெரிக்க நகரத்தின் கற்பனை. மைதாய்க்கு அவர் முதலில் எடுத்த ஜமைக்கா ரம் தீர்ந்தபின் மார்த்தினிக் ரம்மையும் சேர்த்துக்கொண்டார் என்பதால் தீவுக்கு அதில் பங்கு இல்லாமலில்லை. ஆனால் அந்த நீலம் தாத்தியின் ஜாடியில் சேர்ந்த எந்தப் பழத்திலும் இல்லை. ஆரஞ்சுத் தோல் மதுவில் சாயம் கலந்தால் நீலம். ஹவாயில் 1957இல் ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் பானம் கலப்பவர் அதைப் பிரபலமாக்கினார். எனக்கு அந்த நிறத்தில் பேனா மை மட்டும்தான் பிடிக்கும்.

ஊருக்கு வந்து புதுச்சேரிச் சமையலறையில் இதைக் கலக்கும்போது மாற்ற வேண்டியவை சில உண்டு. முதலில் ரம். நம்மூரில் கிடைப்பது பெரும்பாலும் மொலாசஸ் ரம், 42.8 சதவீதம். 1954 முதல் நம்மோடு இருக்கும் ஓல்டு மாங்க் போன்ற கருப்பு ரம்மை ஜாடி முழுக்க ஊற்றினால் அதன் கருகிய சர்க்கரை வாசனை கொய்யாவை அமுக்கிவிடும், நிறமும் சேறாகும். வெள்ளை ரம்மை ஜாடிக்கு வையுங்கள்; கருப்பை ஒரு தேக்கரண்டி கிளாசின் மேல் மிதக்கவிடுங்கள். அந்தப் பேத்தியின் அடுக்குக்கு அது மிகவும் ஏற்றது.

வெள்ளை ரம்மில் பச்சைக் கரும்பு வாசனை இல்லாத குறைக்கு நான் கண்ட மருந்து, கரும்புச்சாறு. தெருமுனை வண்டியில் இஞ்சியும் ஐஸும் போடாமல் பிழியச் சொல்லி, வாங்கிய உடனே எலுமிச்சை கலந்துவிட வேண்டும். இல்லையென்றால் வீடு சேர்வதற்குள் கறுத்துவிடும். பாகுக்குப் பதில் இது 100 மில்லி.

மற்ற அளவுகள், எட்டுப் பேருக்கு: சாத்துக்குடியோ கமலா ஆரஞ்சோ 400 மில்லி சாறு, அன்னாசி 300, சிவப்புக் கொய்யா வடித்தது 250, பேஷன் ஃப்ரூட் 100. இந்தக் கடைசிப் பழம் கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம் என்ற பெயரில் சாலையோரக் கூடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளுங்கள்; பாட்டில் சிரப் வேண்டாம். எலுமிச்சைச் சாறு 30 மில்லியில் தொடங்கி நாக்கு சொல்கிற வரை. வெள்ளை ரம் 350. பட்டை, வனிலா, எலுமிச்சைத் தோல் சுருள். ஓர் இரவு குளிரில். மொத்தம் ஒன்றரை லிட்டர், வீரியம் 10 சதவீதத்தை ஒட்டி. பீரைவிட இரண்டு மடங்கு. 200 மில்லி கிளாஸ் ஒன்றில் 45 மில்லி ரம் இருக்கிறது, அதாவது ஸ்மாலுக்கும் லார்ஜுக்கும் நடுவில். பழவாசனை இதை மறைத்துவிடும் என்பதால், ஜூஸ் என்று நினைத்து மூன்றாவது கிளாஸுக்குக் கை நீட்டுகிற மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வண்டி ஓட்டிப் போகிறவருக்கு இது கிடையாது.

சிவப்புக்கு மாதுளை. முத்துகளைப் பிழிந்த சாறும் அதே எடை சர்க்கரையும் சேர்த்து, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் கரைத்து, நாலு சொட்டு எலுமிச்சை விடுங்கள். புளிப்பு பட்டதும் நிறம் பளிச்சென்று சிவக்கும். கொதிக்கவிட்டால் பழுப்பேறும். குளிரில் இரண்டு வாரம் நிற்கும். கடையில் கிரெனடின் என்று விற்கிற பாட்டிலில் பெரும்பாலும் மாதுளையே இருப்பதில்லை.

தொட்டுக்கொள்ள அக்ராவுக்குப் பதில் நம் மசால்வடை சரியாக இருக்கிறது, பெருஞ்சீரகம் தூக்கலாகப் போட்டால் இன்னும் சரி. இரண்டு நாளுக்குமேல் ஜாடியை வைக்காதீர்கள். கொய்யாக் கூழ் பிரிந்து வாசனை மந்தமாகிவிடும். எங்கள் வீட்டில் அதுவரை நின்றதில்லை. முதலில் காலியானது ரம் ஊற்றாமல் எடுத்துவைத்த குடுவைதான். பழத்தை இன்னும் ஒரு கிலோ கூடுதலாகவே வாங்குங்கள்.